சகலையின் அட்டைகள்

மருந்துக் கிடங்கில் அவருக்குப் பூட்டு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிற ஏமாளி அந்தக் கிடங்கில் ஒருவரும் இல்லை. ஒரு கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். நாலடி போவார். திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். வீட்டிலும் இதே கதைதான். குடும்பத்தோடு வெளியூர் கிளம்பி, தெருமுனை தாண்டிய வண்டியைத் திருப்பச் சொல்லி, இறங்கி வந்து வாசற்கதவை இழுத்துப் பார்த்திருக்கிறார். அவர் மனைவி அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. வண்டியிலேயே உட்கார்ந்து கைப்பையில் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள்.

காவலாளியாகச் சேர்ந்து, வெயிலிலும் மழையிலும் கேட்டில் நின்று, ஷிப்ட் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவர். யார் காலையும் பிடிக்கவில்லை, யார் காலையும் வாரவில்லை. இதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு அடிபட்டபோது, அடுத்து அந்த நாற்காலி தனக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மேசை கதவைப் பார்த்து இருக்க வேண்டுமா, ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டுமா என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். கதவைப் பார்த்துதான்.

இந்தக் கணக்கில் குறுக்கே வந்தவன் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். கடை படுத்துவிட்டது. வேலை இல்லாமல் அவன் திண்டாடியபோது கையைப் பிடித்துக் கூட்டி வந்து கிடங்கில் சேர்த்துவிட்டவர் பூட்டேதான். முதல் நாள் எல்லோரிடமும், "நம்ம சகலை, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. லாரி டிரைவர் அவனைச் சகலை என்றார், தரை துடைக்கிற அம்மா சகலை என்றாள், குளிர் அறைப் பொறுப்பாளர் சகலை என்றார். முறை பூட்டுக்கு, கொண்டாட்டம் ஊருக்கெல்லாம் என்று ஆகிப்போனது. ஒரே வருஷத்தில் அவன் கேமராத் திரைகள் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டான். திருகாணியும் ஒயரும் தெரிந்த கை, அந்த இயந்திரங்கள் அவனிடம் நாய்க்குட்டி மாதிரி பழகின. அப்போதே பூட்டுக்கு லேசாக நெஞ்சைக் கரித்தது. இது சாப்பாட்டுக் கோளாறு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

கிடங்கு மேனேஜர் ஒரு பெண்மணி. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் ஒரு காலையில் இருவரையும் அறைக்கு அழைத்தார். புதிய தலைவராக வருகிறவரிடம் ஃபிசிகல் செக்யூரிட்டி சான்றிதழ் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம். கணினிக்குள் புகுகிற திருடனை விடுங்கள், சுவர் ஏறிக் குதிக்கிற திருடனைப் பற்றிய படிப்பு அது. வேலி, விளக்கு, பூட்டு, கேமரா, யாரை எந்தக் கதவு வரை விடுவது, எதற்கு எவ்வளவு ஆபத்து என்று கணிப்பது எல்லாம் அதில் வரும். தேர்வு கடினம். செலவு கம்பெனியுடையது. இருவரும் எழுதலாம், தேறுகிறவருக்கு நாற்காலி, இருவருமே தேறினால் மதிப்பெண் பார்க்கப்படும் என்று மேடம் சொல்லி முடித்தார். பூட்டு சிரித்த முகமாகத் தலையாட்டினார். பக்கத்தில் சகலையும் தலையாட்டினான். நான் கொண்டுவந்து சேர்த்தவன் எனக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறான் என்ற நினைப்பு படியிறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

கம்பெனி வாங்கிப் போட்ட புத்தகம் ஒன்றே ஒன்று. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடி. பயிற்சி அறை அலமாரியில் வந்து சேர்ந்த அன்றைக்கே பூட்டு அதை எடுத்துத் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினார். இழுத்தும் பார்த்தார். படிப்பதற்காக எடுத்தார் என்றால் பாதிதான் உண்மை. அவன் படிக்கக் கூடாது என்பது மீதிப் பாதி. சகலை ஒரே ஒரு தரம் வந்து கேட்டான், வாரத்தில் இரண்டு நாள் தனக்குத் தர முடியுமா என்று. வேலி பற்றிய பாடத்தில் இருப்பதாகவும் அதை முடித்ததும் தருவதாகவும் பூட்டு சொல்லி அனுப்பினார். வேலி முடியவே இல்லை. அவனும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார், அல்லது மறுபடி மறுத்த திருப்தியாவது கிடைத்திருக்கும். கேட்காமல் சிரித்துவிட்டுப் போனானே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவன் கேட்காததற்குக் காரணம் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. பல நாடுகளிலிருந்து இதே தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழு ஒன்றில் அவன் போனிலேயே சேர்ந்துவிட்டான். ஒருவர் கேள்வி போடுவாராம், மற்றவர்கள் அடித்துக்கொள்வார்களாம், கடைசியில் ஏற்கெனவே தேறின ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்வாராம். பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு பாடம் கேட்டான். எல்லாவற்றுக்கும் மேலே அந்த அட்டைகள். கிழிந்த மருந்துப் பெட்டிகளைக் குப்பைக்குப் போகும் முன் எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாகக் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்று எப்போதும் அவன் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் புடைப்பு பூட்டின் கண்ணில் விழுந்த துரும்பு போல நாளெல்லாம் உறுத்தியது.

பூட்டு புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி வரும், மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். நாலாம் பக்கம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவே நாளாயிற்று. கம்பெனி வாங்கித் தந்த மாதிரித் தேர்வில் அவருடைய மதிப்பெண் ஒரே இடத்தில் சண்டி மாடாகப் படுத்துக்கிடந்தது. ஒரு கட்டடத்தைப் பாதுகாக்க முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேள்வி வரும். நல்ல பூட்டு போடுவது என்று அமுக்குவார். எதைக் காக்கப்போகிறோம், அதன் மதிப்பு என்ன என்று கண்டறிவதுதான் முதல் வேலை என்று திரை சிவப்பில் காட்டும். பூட்டு போட்டுவிட்டு அதை நிதானமாகக் கண்டறியக் கூடாதா என்று அவர் திரையோடு மல்லுக்கு நிற்பார்.

சகலையின் படிப்பு பற்றிய செய்திகள் அவருக்கு வீடு தேடி வந்தன. அக்காவும் தங்கையும் தினமும் மாலையில் போனில் பேசாவிட்டால் பொழுது போகாது. பேசி முடித்ததும் அவர் மனைவி சாப்பாட்டோடு சேர்த்து அதையும் பரிமாறுவாள். அங்கே துணி மடித்துக்கொண்டே தங்கை கேள்வி கேட்கிறாளாம், அவன் பதில் சொல்கிறானாம். தப்பாகச் சொன்னால் அந்தத் துணியை அவனே மடிக்க வேண்டுமாம். இப்போதெல்லாம் மடிக்க அவனுக்குத் துணியே கிடைப்பதில்லையாம். பாதிப் பாடம் தங்கைக்கே மனப்பாடமாகிவிட்டதாம், அவளே போய்த் தேர்வு எழுதலாமாம். மனைவி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள், சூது வாது இல்லாமல்தான் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

ஒருநாள் அவரும் புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தார். மனைவி கையில் கொடுத்து, கேள்வி கேள் என்றார். அவள் அதை மடியில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினாள். இதில் எது கேள்வி என்று கேட்டாள். கேள்வி இல்லை, நீதான் உண்டாக்கிக் கேட்க வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் முயற்சி செய்தாள், பாவம். பிறகு வேலி எதற்குப் போடுகிறார்கள் என்று கேட்டாள். ஆடு வராமல் இருக்க என்று அவரே எரிச்சலில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருக்கு ஒன்று தெரிந்தது. அட்டைகூடப் பெரிதில்லை, குழுகூடப் பெரிதில்லை. அங்கே துணி மடிக்கிற இடத்தில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு படிக்கிறார்கள். அதை நினைத்தால்தான் அவருக்குக் குடல் வரை எரிந்தது. இதை வெளியே சொல்லவா முடியும்? மனைவியிடம் தலைவலி என்றார். அவள் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது கேமராவைச் சொல்ல வேண்டும். கிடங்கின் பின்பக்கம் ஒரு கம்பத்தில் திருப்பக்கூடிய கேமரா ஒன்று உண்டு. லாரிகள் வந்துபோகிற பின்வாசல் கேட்டைப் பார்ப்பதுதான் அதன் வேலை. கன்ட்ரோல் ரூமில் குச்சி மாதிரி இருக்கும் பிடியை அசைத்தால் அது எந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பும், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும். திருப்பிய கேமராவை உடனே கேட்டுக்குத் திருப்பிவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அதேபோல, அவரவர் லாகினில்தான் அவரவர் உட்கார வேண்டும், இன்னொருவர் லாகினில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது விதியை மீறினதற்காகப் பூட்டே இரண்டு பேரை மேடம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்.

பின்வாசலுக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கொட்டகை. மதிய வேளையில் சகலை அங்கே ஓரத்து மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, பக்கத்தில் அட்டைகளைப் பரப்பி, ஒரு வாய் சாப்பாடு, ஒரு அட்டை என்று மாற்றி மாற்றி உள்ளே தள்ளுவான். அந்த நேரம் கன்ட்ரோல் ரூமில் யாராவது இருக்க வேண்டுமே. நீ போய் நிதானமாகச் சாப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பூட்டு முன்வந்தார். எப்போதும் இல்லாத கரிசனம். சகலை ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

முதல் நாள் சும்மாதான் திருப்பினார். அவன் என்னதான் படிக்கிறான் என்று பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கேமரா கழுத்தைத் திருப்பிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தது. குச்சியை முன்னால் தள்ளத் தள்ள மேசை கிட்டே வந்தது, டிபன் பாக்ஸ் வந்தது, விரல்கள் வந்தன, அட்டை வந்தது. திரை நிறையக் கொட்டை எழுத்து. பூட்டு நாற்காலியின் நுனிக்கு வந்தார். கேள்வியைப் படித்தார். அட்டை புரண்டது. விடையைப் படித்தார். அவசரமாகச் சட்டைப் பையில் இருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டார். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்குக் கால் தரையில் படவில்லை.

அதற்குப் பிறகு அது தினசரிப் பூஜையாகிவிட்டது. லாகினை மாற்றி உட்காரவும் இல்லை. மாற்றினால் இவர் பெயரில் பதிவாகுமே, கேமராவைத் திருப்பினது யார் என்று ஒருநாள் கேள்வி வருமே. சகலையின் பெயரிலேயே உட்கார்ந்து சகலையையே பார்த்தார். ஆனால் முதல் வாரம் மாதிரித் தேர்வில் மதிப்பெண் இன்னும் இறங்கியது. மின்சாரம் போனால் அவசர வழிக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று அட்டையில் தெளிவாகப் படித்திருந்தார். அவருக்கு அது மிகவும் பிடித்த விடை. அதையே அமுக்கினார், தப்பு என்று சிவப்பில் வந்தது. கதவு திறந்துகொள்ள வேண்டுமாம், உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க வேண்டுமாம். மாதிரித் தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார். அடுத்தடுத்த வாரங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. மதிப்பெண் மளமளவென்று ஏறியது. வெளிச்சமும் வாகாக விழுந்தது, அட்டையும் ஆடாமல் நின்றது. படிக்கிற வேகத்துக்குச் சரியாகப் புரண்டது.

மதிப்பெண் ஏறினால் பொறாமை இறங்க வேண்டும்தானே? இறங்கவில்லை. ஒவ்வொரு சரியான விடையிலும் அவன் கையெழுத்து தெரிந்தது. தேறினாலும் அவன் போட்ட பிச்சையில்தான் தேற வேண்டும் என்ற நினைப்பு வந்தால் குச்சியை விட்டுவிடுவார். மறு நிமிஷமே பிடித்துக்கொண்டு அடுத்த அட்டைக்குக் காத்திருப்பார்.

அந்த நாளும் மற்ற நாட்களைப் போலத்தான் தொடங்கியது. அட்டைகள் பாதிகூட முடியவில்லை, குளிர் அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. தடுப்பூசிகள் இருக்கும் அறை, உடனே ஓட வேண்டும். பூட்டு எழுந்த வேகத்தில் பொத்தான் ஒன்றை அமுக்கினார். கேமரா கேட்டுக்குத் திரும்பும் பொத்தான் என்று நினைத்து அமுக்கினார். அது படத்தைச் சற்றே தூரத் தள்ளிக் காட்டும் பொத்தான். அவ்வளவுதான் நடந்தது. கேமரா கொட்டகையைப் பார்த்தபடியே நின்றது, பூட்டு குளிர் அறைக்கு ஓடினார்.

குளிர் அறையில் ஒன்றுமில்லை, கதவு சரியாகச் சாத்தவில்லை. அதே நேரத்தில் பின்வாசலில் ஒரு லாரி பின்னால் வந்து கேட்டில் மோதி ஒரு கதவைச் சாய்த்துவிட்டது. கேட்டில் நின்ற காவலாளி போட்ட சத்தம் கேட்டு ஆட்கள் ஓடினார்கள், ஆளாளுக்கு நின்று பேசினார்கள், தூக்கி நிறுத்த நேரமாயிற்று. யாருக்கும் அடியில்லை. ஆனால் மருந்துக் கிடங்கின் பின்வாசல் அவ்வளவு நேரம் திறந்து கிடந்திருக்கிறது. யார் வந்தார், யார் போனார், எந்தப் பெட்டி வெளியே போனது என்று பார்க்கப் பதிவு இல்லை. பதிவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. சரக்கு முழுவதையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எல்லோருக்கும் பயமாக இருந்தது.

முதலில் பூட்டைத்தான் கூப்பிட்டார். கேமராவைத் திருப்பினது யாருடைய லாகின் என்று கேட்டார்.

"சகலையோட லாகின் மேடம்" என்றார் பூட்டு.

அதில் பொய் ஒரு துளிகூட இல்லை. அதுதான் கொடுமை. மேடம் வேறு எதுவும் கேட்கவில்லை, அவரும் வேறு எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்து நடந்தபோது, காலியாகப்போகும் அந்தத் தலைவர் அறையைக் கடக்க நேர்ந்தது. கதவு திறந்திருந்தது. மேசை ஜன்னலைப் பார்த்து இருந்தது. இனி போட்டி இல்லை, ஒழுங்காக எழுதினால் போதும் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. இன்னொரு பக்கம், மனைவியின் தங்கை துணி மடிக்கிற இடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது போல ஒரு நினைப்பு வந்தது. அதை அவர் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அன்று வீட்டில் மனைவி கேட்காமலே மாத்திரை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை மேடம் இருவரையும் உட்காரவைத்துச் சுவரில் இருந்த பெரிய திரையில் பதிவை ஓட்டச் சொன்னார். தொழில்நுட்பப் பிரிவுப் பெண் ஓட்டினாள். திரை நிறைய ஒரு அட்டை. கறுப்பு மார்க்கர். ஆபத்தைக் கையாளும் வழிகள் என்னென்ன என்று கேள்வி. பதிவு என்று ஒன்று இருக்கும், அதில் தான் பார்த்ததெல்லாம் அப்படியே இருக்கும் என்பது, இத்தனை வருஷம் கேமராவோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். வயிற்றெரிச்சல் மனுஷனுடைய தொழிலைக்கூட மறக்கடித்துவிடும்.

அட்டை புரண்டது, விடை வந்தது. அடுத்த அட்டை. பிறகு படம் சற்றே தூரத் தள்ளிப் போனது. அவர் பொத்தானை அமுக்கிய இடம். இப்போது மேசை முழுசும் தெரிந்தது, மேசைக்குப் பின்னால் சகலையும் தெரிந்தான்.

அவன் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ் மூடியபடி ஓரமாக இருந்தது. ஒரு அட்டையை இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, நேராகக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் படம் காட்டுவார்களே, அப்படி. கொஞ்ச நேரம் பொறுத்தான். புரட்டி விடையைக் காட்டினான். வெயில் பட்டுப் பளபளத்தபோது கொஞ்சம் சாய்த்துப் பிடித்தான். கீழே வைத்தான். அடுத்ததை எடுத்தான். கன்ட்ரோல் ரூமில் அந்த நேரம் யாரும் இல்லை. காலி நாற்காலிக்கு அவன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே இருந்தான். எங்கோ சத்தம் கேட்டு அவன் தலை திரும்பி, அட்டைகளைப் போட்டுவிட்டு கேட்டுப் பக்கம் ஓடும்வரை காட்டினான்.

தொழில்நுட்பப் பிரிவுப் பெண் பதிவை நிறுத்தினாள். மேடம் சகலையைப் பார்த்து, படத்தில் இருக்கிறவரே கேமராவைத் திருப்பியிருக்க முடியாது, அப்படியானால் உள்ளே இருந்தது யார், நீங்கள் யாருக்குக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். சகலை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பூட்டுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வெட்கம் வந்திருக்க வேண்டும். வெட்கமும் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வந்தது பழைய எரிச்சல்தான். புத்தகம் இல்லாமலே படித்தான், வீட்டில் சிரித்துக்கொண்டு படித்தான், ஊரெல்லாம் சகலை என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இப்போது இந்தப் பெரிய மனசும் இவனுக்குத்தானா? இன்னும் கொஞ்ச நேரம் போனால், அண்ணன் என்று கூப்பிடுகிறவரைக் காட்டிக்கொடுக்காமல் பழியைச் சுமந்தவன் என்ற பேரும் இவனுக்கே போய்ச் சேரும். அதையும் இவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அந்த ஒன்றையாவது விடக் கூடாது.

"நான்தான் மேடம். அவன் லாகின்ல உக்காந்து நான்தான் திருப்புனேன். தெனமும் திருப்புனேன்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. மேடம் நிறையப் பேசினார், அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. நேற்று லாகின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்களே என்று கேட்டபோதுதான் பூட்டின் தலை தரையைப் பார்த்தது. இந்தத் தடவை அவர் தேர்வு எழுத வேண்டாம். சூப்பர்வைசர் வேலை தப்பியதே பெரிய காரியம். லாகினைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதற்குச் சகலைக்கும் செமத்தியாகக் கிடைத்தது. தேர்வை அவன் எழுதினான், நல்லபடியாகத் தேறினான், நாற்காலியில் உட்கார்ந்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது, அன்றைக்கு மேடம் அறையிலிருந்து இருவரும் வெளியே வந்து நடந்தபோது நடந்ததை.

நடைபாதையில் இரண்டு பக்கமும் குளிர் அறைக் கதவுகள். பூட்டு ஒரு கதவைக்கூட இழுத்துப் பார்க்காமல் நடந்தார். பாதி தூரம் போனதும் நின்றார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும்ணே. கேமரா என் பக்கம் கழுத்தத் திருப்புனா எனக்குத் தெரியாதா? நான் பாக்கற வேலையே அதுதானே."

"அப்பவே வந்து கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்கறது? புக்கு கேட்டேன், தரல. அட்டையக் கொண்டுவந்து கையில குடுத்தா வாங்கியிருப்பீங்களா?"

வாங்கியிருக்க மாட்டார். தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பார். இருவருக்கும் அது தெரியும். பூட்டு சுவரைப் பார்த்தார். அவன் எவ்வளவு நல்லவனாக நின்றானோ அவ்வளவுக்கு அவரால் அங்கே நிற்க முடியவில்லை. ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. இனி ஆயுசு முழுக்க இவன் முகத்தில் எப்படி விழிப்பது, இவன் வீட்டில் எப்படிக் கை நனைப்பது என்று மலைத்தார்.

சகலை பிடரியைச் சொறிந்துகொண்டான். அவன் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போயிற்று.

"இன்னொன்னு சொல்லணும்ணே. கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"மறுநாள்ல இருந்து ஒரு வாரம் காட்டுனது எல்லாமே தப்பு விடை. வேணும்னே எழுதுனேன். எனக்கு உங்க மேல அவ்வளவு ஆத்திரம். ராப்பகலா உக்காந்து நான் எழுதுவேன், நீங்க நோகாம அங்க இருந்து பாப்பீங்களான்னு இருந்துச்சு."

பூட்டு மெதுவாகத் திரும்பினார். "அந்த அவசர வழிக் கதவு?"

"அதுவும்தான். பூட்டிக்கும்னு எழுதுனா நீங்க நம்புவீங்கன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் மாத்துன?"

"மார்க் எறங்கிப்போய் நீங்க சாப்பிடாம இருக்கீங்கன்னு அண்ணி என் வீட்டுக்காரிகிட்ட சொல்லி அழுதாங்களாம். இவ வந்து என்கிட்ட சொன்னா. இவளுக்கு நான் செஞ்சது தெரியாது. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. அதுக்கப்புறம் ஒழுங்கா எழுதுனேன். ஆனா அந்த ஒரு வாரம், பொய் சொல்லக் கூடாது, ரொம்ப சந்தோஷமா இருந்தேண்ணே."

பூட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டை மேல் அட்டையாக எழுதி, ஒவ்வொன்றிலும் திட்டம் போட்டுத் தப்பு வைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, இவர் குறித்துக்கொள்வதை நினைத்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறான். இத்தனை மாதமாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது, யாரோ தண்ணீர் ஊற்றியது போல, சொல்லாமல் கொள்ளாமல் அடங்கிப்போயிற்று. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவனுடைய நல்ல குணத்தை அவரால் ஒருநாளும் மன்னிக்க முடிந்ததில்லை. இதை மன்னிக்க முடிந்தது.

"அடப் பாவி" என்றார் பூட்டு. அவன் இந்தக் கிடங்குக்கு வந்த நாளிலிருந்து, அவர் அவனிடம் மனசாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.